கண்ணில் இறங்கிய மஞ்சள்

சொட்டு மருந்து விட்டால் ஐந்து நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் இரண்டு மணிக்கு வந்து, வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டு, "அப்படியே இருங்கண்ணே, அசையாதீங்க, நான் அடுப்புல குழம்ப வச்சிட்டு வந்திருக்கேன்" என்று ஓடி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். தெய்வசிகாமணி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ரயில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஐந்து நிமிஷம் சொன்னால் இருபது நிமிஷம் கடைப்பிடிக்கிறார் என்று யாராவது பார்த்தால் மெச்சிக்கொள்ளக்கூடும். மெச்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. திறந்தால் எதிர்ச் சுவரில் ரத்தினம் இருப்பாள், அவ்வளவுதான் விஷயம். ரத்தினம் என்றால் அவள் இல்லை. அவர் பெண்டாட்டி நாகரத்தினம் போய் அடுத்த வியாழனோடு ஒரு வருஷம். சுவரில் இருப்பது அவர் கையால் வரைந்த அவள் படம். திதி அன்றைக்கு அதற்குத்தான் மாலை போடுவதாக ஏற்பாடு. மகள் அரசி நாலு மணிக்கு வந்து பிரேம் போட எடுத்துக்கொண்டு போவாள். நாலு மணிவரைக்கும் இப்படியே மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். மூடினாலும் தெரிந்தது. இமைக்குப் பின்னாலிருந்த செங்கல் நிற இருட்டில், முகம் இல்லை, நெற்றி இல்லை, பொட்டு இல்லை, இரண்டு கண்கள் மட்டும் மஞ்சளாக நின்றன. பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஐந்து நாளாக என்ன ஆட்டம் ஆடினார்! தஞ்சாவூரில் புரை எடுத்து, அரசி வீட்டில் கட்டைப் பிரித்த அன்று பாத்ரூமுக்குள் போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நீலம். அப்படி ஒரு நீலம் உலகத்தில் இருந்ததையே மறந்துபோயிருந்தார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பற்றவைத்து அணைத்துப் பார்த்தார். தன் வேட்டியை எடுத்துப் பார்த்தால் அது வெள்ளையாக இருந்தது, மூன்று வருஷமாக அந்த வேட்டிக்காக சோப்புத் தூளை மாற்றிக்கொண்டே இருந்தவர் அவர். "அப்பா, போதும், வந்து சாப்பிடுங்க" என்று அரசி கதவைத் தட்டியபோது உள்ளே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும் என்று அவளிடம் சொன்னார். மலைக்கோட்டையை, காவிரியை, யார்டில் நிற்கும் பெட்டிகளை, எல்லாவற்றையும். எழுபது வயசில் இப்படி ஒரு வாழ்வா என்று நினைத்துக்கொண்டார். ரத்தினம் இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றும் நினைத்தார், அப்படி நினைத்ததில் துக்கம்கூட அதிகம் இல்லை, மனசு அப்படிக் கும்மாளமாக இருந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது. ஊரைக் கூட்டித் திருவிழா நடத்திய வீட்டின் பின்கட்டில் பிணம் கிடந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை.

காலையில் பொன்மலைப்பட்டிக்குத் திரும்பி வந்ததும் அரசி அவரை உட்காரவைத்துவிட்டு அய்யரைப் பார்க்கவும் பூவுக்குச் சொல்லவும் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆசையாகத்தான் கழற்றினார். அவர் வரைந்ததிலேயே உருப்படியான படம் அது ஒன்றுதான், புதுக் கண்ணால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தார். பார்த்தார். முதலில் படத்தின் மேல் ஏதோ வெளிச்சம் விழுகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தித் திறந்து பார்த்தார். பிறகு கிட்டே போனார். மஞ்சள். முகம் மஞ்சள், கழுத்து மஞ்சள், மடியில் கோத்திருந்த கைவிரல்கள் மஞ்சள். அதுகூடப் பரவாயில்லை, வெள்ளி செவ்வாய் தவறாமல் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள், அந்த முகத்தை மஞ்சள் இல்லாமல் வரைந்தால்தான் தப்பு. ஆனால் கண். கருவிழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. யாரும் கண்ணுக்குள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதில்லை. படத்தின் கீழ் மூலையில் அவர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் எல்லாப் படத்திலும் போடுவதுபோல் தேதி. பிப்ரவரி பதினொன்று. மே மாதம் லீவுக்கு வந்த அரசி வாசற்படியில் பையைப் போட்டுவிட்டு, "அம்மா, என்னம்மா இப்படி மஞ்சளா இருக்கே?" என்று அலறினாளே, அதற்கு மூன்று மாசம் முந்திய தேதி. படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் கதவைத் தட்டிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

மூன்று மாசம். பெரிய டாக்டர் சொன்னதும் அந்தக் கணக்குத்தான். கணையத்தில் கட்டி, அது பித்தக் குழாயை அமுக்கி, அதனால் வந்த மஞ்சள், இப்போது ஈரலுக்குப் போய்விட்டது. "ரெண்டு மூணு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம் சார்." கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்தான், எதற்காக என்று கூட்டிக்கொண்டு வருவது? வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அரசிதான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அறிகுறியே இல்லையேப்பா. நமக்கு எப்படித் தெரியும்?" அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் சாப்பிட்டார், தூங்கினார், பேப்பர் படித்தார். அறிகுறியே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அதைத்தான் சொன்னார். ஒரு அறிகுறி இல்லைங்க, நேத்து வரைக்கும் இட்லிக்கு மாவாட்டினா. இட்லிக்கு மாவாட்டினாள், எதிரே உட்கார்ந்து முகத்தையும் காட்டினாள், அவர் அதைப் பார்த்து வரைந்து, தேதியும் போட்டு, ஆணி அடித்து மாட்டியும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அந்த அறிகுறிக்குக் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடித்தார்கள்.

கண்ணைத் திறந்தார். எவ்வளவு நேரம்தான் மூடிக்கொண்டிருப்பது. எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது, அடுத்த மாசம்தான் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். இடது கண்ணால் பார்த்தால் ரத்தினம் நன்றாக இருந்தாள். சாயங்கால வெயில் பட்டதுபோல, கொஞ்சம் பழுப்பாக, கொஞ்சம் கலங்கலாக, அவர் பார்த்துப் பார்த்துப் பழகின முகம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கையை எடுத்து இடது கண்ணை மூடினார். நோயாளி. வலதை மூடினார். ரத்தினம். இடதை மூடினார். நோயாளி. பாரு, பாரு, இதுதான் நான் பார்த்தது, என்று யாரிடமோ சொல்ல வேண்டும்போல இருந்தது. கண்ணில் மஞ்சள் கண்ணாடி மாட்டினவனிடம் மஞ்சளைக் கண்டுபிடி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பான்? எனக்குத் தெரிந்திருக்க வழி இல்லை. கோர்ட்டில் சொன்னாலும் நிற்கும். ஆபரேஷன் செய்த டாக்டரே வந்து சாட்சி சொல்வார். இடது கண்ணை அப்படியே விட்டுவிடச் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு கண்ணுக்காவது அவள் சௌக்கியமாக இருக்கட்டும்.

ஆனால் கண்ணில் புரை இருப்பது தெரிந்தும் ஏன் எடுக்காமல் விட்டது? கோர்ட் என்றால் எதிர்க்கட்சி வக்கீலும் இருப்பார் அல்லவா. அவள் சாவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே கண் டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தினம் ஆயிரம் தடவை சொன்னாள். "ஏங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்ங்க, ஒரு மணி நேர வேலையாம்." இவர்தான், முத்தட்டும், முத்தினால்தான் சுத்தமாக வரும், பிஞ்சில் எடுத்தால் திரும்ப வளரும் என்று ஏதோ வெண்டைக்காய் விவசாயிபோலப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், இப்போது அதெல்லாம் இல்லை என்று அவருக்கே தெரியும். பயமா? முப்பத்தொரு வருஷம் சரக்கு வண்டி ஓட்டினவருக்குக் கண்ணாஸ்பத்திரியில் என்ன பயம்? ரயில்வே மெடிக்கலில் ஒவ்வொரு தடவையும் புள்ளிப்புள்ளியாக நிறம் போட்ட புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன நம்பர் என்று கேட்பார்கள், டாக்டர் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் இவர் நம்பரைச் சொல்லிவிடுவார். "உங்க கண்ணை ரயில்வேக்கு எழுதி வச்சிட்டுப் போங்க" என்று ஒரு டாக்டர் கேலி செய்தார். அந்தக் கண்ணில் புரை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. அதை இதுவரைக்கும் அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடந்த ஓவியக் கண்காட்சியில் இவருடைய காவிரிப் படத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பேராசிரியர் வெகுநேரம் நின்றார். என்ன ஒரு பொன் வெளிச்சம் சார், என்றார். பதினைந்து வருஷமாக வரைந்துகொண்டிருந்தவரை அதுவரைக்கும் ஒருவரும் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. பொன் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? மங்க மங்கத்தான் படம் நன்றாக வந்தது. எடுத்துவிட்டால் போய்விடும். ஒரு பாராட்டுக்காகக் கண்ணைக் குருடாக வைத்துக்கொண்டிருந்தேன் ரத்தினம், என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் வெட்கமாக இருந்தது, படத்திடம் மன்னிப்புக் கேட்டால் கேட்டதாக ஆகிவிடுமா?

சரி, அந்தப் பொன் வெளிச்சம்தான் எல்லாப் படத்திலும் இருக்கிறதே. அதைப் பிடித்துக்கொண்டார். எல்லாரையும் மஞ்சளாகத்தான் வரைந்திருப்பேன். ஆகாயத்தையே மஞ்சளாக வரைந்தவன். அப்படியானால் அவள் கண்ணில் இருக்கிற மஞ்சள் அவளுடையது இல்லை, என்னுடையது. பிப்ரவரியில் அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டு மஞ்சளைத் தடவியிருக்கிறேன், தீர்ந்தது. மார்பில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று லேசாக நகர்ந்தது. மூச்சு வந்தது. சரிபார்த்துவிடலாமே? கட்டிலுக்கு அடியில் படக்கட்டு இருக்கிறது. குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், குனியக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது. குனிய வேண்டாம், உட்கார்ந்து எடுக்கலாம். எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காவிட்டால் இப்படியே நினைத்துக்கொள்ளலாம், எல்லாம் மஞ்சள்தான் என்று. நினைத்துக்கொண்டே இருக்கலாம், இன்னும் பத்து வருஷம் இருந்தால் பத்து வருஷமும். ஆனால் தினமும் கட்டிலில் படுக்கும்போது அடியில் அது இருக்குமே. தரையில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, காலை நீட்டிக் குதிகாலால் கட்டை இழுத்தார். பழைய பெட்ஷீட்டில் சுற்றிய கட்டு தூசியோடு வந்தது. முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. அது ரத்தினம் போட்ட முடிச்சு, அவள் எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சுப் போடுவாள்.

மேலே இருந்தது காவிரி. மஞ்சள், சந்தேகமே இல்லை. அடுத்தது மலைக்கோட்டை, அதிலும் ஆகாயம் சாம்பார் நிறத்தில் இருந்தது. அந்தக் காவிரியையா பேராசிரியர் பாராட்டினார் என்று இவ்வளவிலும் ஒரு எரிச்சல் எழுந்தது. ஆனால் நல்லதுதான், நல்லதுதான், எல்லாம் மஞ்சளாக வரட்டும் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். மூன்றாவது பால்காரர் ஆரோக்கியசாமி. காலையில் பால் ஊற்ற வந்தவரை அதே நாற்காலியில், அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வரைந்தது. கறுத்த முகம், நரைத்த மீசை. கண் இரண்டும் வெள்ளையாக இருந்தன. வெள்ளை என்றால் சுத்த வெள்ளை, அவர் ஊற்றும் பாலைவிட வெள்ளை. கீழே பிப்ரவரி பதின்மூன்று. தெய்வசிகாமணி அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அதே கண், அதே வெளிச்சம், இரண்டு நாள் வித்தியாசம். ஆரோக்கியசாமிக்கு வெள்ளை, அவளுக்கு மஞ்சள். ஆகாயம் எட்டாத தூரத்தில் இருக்கிறது, அதை மனசுக்குத் தோன்றியபடி தீட்டலாம். மூன்றடிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் தீட்டியிருக்கிறார். புரைக்குப் பின்னாலிருந்தும் அந்தக் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரிந்திருக்கிறது. கை அதைச் சரியாக எடுத்து வைத்திருக்கிறது. மூளைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இல்லை, இரு, இரு. டியூப். அதை மறந்துவிட்டேனே. பெயிண்ட் டியூபில் இருக்கும் எழுத்து அந்தச் சமயத்தில் அவருக்குப் படிக்க வராது, எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் பிதுக்கினால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரத்தினம்தான் பக்கத்தில் நின்று படித்து எடுத்துத் தருவாள். இது வெள்ளைங்க, இது மஞ்சள்ங்க, மூடியைத் தொலைக்காதீங்க. ஆரோக்கியசாமியை வரைந்தபோது அவள் எடுத்துத் தந்தாள், அதனால் வெள்ளை. அவளை வரைந்தபோது அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அதனால் இவரே தடவி எடுத்தார், அதனால் மஞ்சள். எவ்வளவு எளிது. டியூப் மாறிப்போச்சு. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை. சிரிக்கக்கூடப் பார்த்தார். அந்த நாளையே நினைத்துப் பார்த்துவிட்டால் உறுதியாகிவிடும் என்று நினைத்தார், அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு வருஷமாக அந்த நாளை அவர் நினைக்கவே இல்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லா நாளையும் நினைத்திருக்கிறார், கல்யாணத்தை, அரசி பிறந்ததை, ஆஸ்பத்திரியை, அந்த ஒரு முற்பகலை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அது செவ்வாய்க்கிழமை. குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சும்மா இரேன், என்றார். "அரிக்குதுங்க, மஞ்சள் ஒத்துக்கலையோ என்னமோ." நல்ல விரலி மஞ்சளாக வாங்கு, பாக்கெட் தூளைப் பூசாதே, என்றார். பதினொன்றரைக்கு முடித்தார். அவள் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஊசியில் நூல் கோத்துத் தருகிறவள் அவள்தான்.

"ஏங்க, கண்ணு மஞ்சளா இருக்கே. டியூப் மாத்தி எடுத்துட்டீங்க போல. வெள்ளையத் தேடித் தரவா?"

"அதெல்லாம் மாத்தலை. பார்த்துத்தான் போட்டேன்."

"கண்ணு போய் யாருக்காவது மஞ்சளா இருக்குமா?"

அப்போதுதான் அதைச் செய்தார். கோபம், அவருடைய படத்தில் அவள் குற்றம் சொல்கிறாள் என்ற சின்னக் கோபம். அவள் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கீழ் இமையைக் கட்டைவிரலால் லேசாக இழுத்தார். வண்ணம் தோய்ந்த தூரிகையை அவள் கண்ணுக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் பிடித்து, தூரிகையையும் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. வெற்றி அடைந்த குரலில், "உன் கண்ணு அப்படித்தான் இருக்கு. மஞ்சளாத்தான் இருக்கு. வேணும்னா கண்ணாடியில போய்ப் பாரு" என்றார். அவள் போய்ப் பார்க்கவில்லை. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டாள். "முப்பது வருஷமாப் பூசற மஞ்சள் கண்ணுல இறங்கியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு ரசம் வைக்கப் போனாள். வண்டியில் இருந்த காலத்தில் ஒரு விதி உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் அசிஸ்டெண்ட் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் தவறக் கூடாது என்பதற்காக. மஞ்சள் என்றால் மஞ்சள். வேகத்தைக் குறைத்து நிற்கத் தயாராக வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் அதில் அவர் பிசகியதில்லை. அன்றைக்கும் பிசகவில்லை. அவள் மஞ்சள் என்றாள், அவர் திருப்பி மஞ்சள் என்றார், விதிப்படி எல்லாம் நடந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னதுகூட நினைவுக்கு வந்தது.

மூன்றரை இருக்கும். தரையிலிருந்து எப்படி எழுந்தார், அலமாரியிலிருந்து பெட்டியை எப்படி எடுத்தார் என்று தெரியவில்லை. கையில் வெள்ளை டியூப் இருந்தது. இப்போது எழுத்துப் படிக்க வந்தது. இரண்டு புள்ளி, அவ்வளவுதான் வேலை. இரண்டு கண்ணிலும் கொஞ்சம் வெள்ளை. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அவள் குணமாகிவிடுவாள். பிதுக்கினார், தூரிகையில் தொட்டார், படத்துக்கு அருகே கொண்டுபோனார். அதற்குமேல் கை போகவில்லை. அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை இன்றைக்குச் செய்து யாருக்கு என்ன? அதுவும் போக, இந்த மஞ்சள் ஒன்றுதான் அவர் அவளை உள்ளபடி பார்த்ததற்கு மிச்சமிருந்த சாட்சி. அதை அழித்தால் அவள் இவரிடம் கேட்டதும் அழிந்துவிடும். இப்படியெல்லாம் பெரிதாக நினைத்துக்கொண்டவர் அடுத்த நிமிஷம் செய்தது என்னவென்றால், தூரிகையைக் கழுவி, அவள் சேலையின் அரக்கு நிறத்தைக் கலந்து, கீழ் மூலையில் இருந்த தேதியை அழித்தார். பிப்ரவரியும் போயிற்று, பதினொன்றும் போயிற்று. நல்ல கோழைத்தனம். அதைச் செய்யும்போது கை துளிகூட நடுங்கவில்லை. படக்கட்டைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முகத்தில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரசி வந்தபோது வெயிலோடு வந்தாள். பையில் வெற்றிலை, ஊதுவத்தி, கட்டை விரல் தடிமனுக்கு விரலி மஞ்சள். "என்னப்பா, கண்ணு உறுத்துதா? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. மருந்து."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் படத்துக்குப் போனாள், பிறகு நினைவு வந்து திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி ஆணியிலிருந்து இறக்கினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், நாற்காலி மேல் நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள். மே மாதம் வாசற்படியில் நின்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தவள். கண்டுபிடித்துவிடு என்று ஒரு மனசு சொன்னது, கண்டுபிடித்துக் கத்து, அடி, நீங்கதாம்ப்பா என்று சொல்லிவிடு, நான் ஆமாம் என்கிறேன். இன்னொரு மனசு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"இது எப்பப்பா வரைஞ்சீங்க? அம்மா இருந்த கடைசிப் பொங்கலுக்கு வந்தப்ப நான் பார்க்கலையே."

"ஞாபகம் இல்லம்மா."

"உங்களுக்கா? எந்த வருஷம் எந்த ஸ்டேஷன்ல எத்தனை நிமிஷம் நின்னோம்னு சொல்வீங்களே." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, படத்துக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள். சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். சொன்னால் இவருக்குப் பாரம் குறையும், குறைகிற பாரம் அப்படியே அவள் தலைக்குப் போகும். அம்மாவின் முகம் என்று அவளுக்கு மிச்சமிருப்பது இது ஒன்று, நாளையிலிருந்து இதையும் அவளால் பார்க்க முடியாது.

"வீட்டுல எத்தனை போட்டோ இருக்கு. எதுலயும் அம்மா இல்லப்பா. இதுலதான் இருக்காங்க." படத்தின் கன்னத்தைத் தொட விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வந்து நிப்பாங்களே, அதே முகம். அதே மஞ்சள். கண்ணுல கூட அந்தக் களை வந்திருக்கு. இந்த நிறம் உங்களுக்கு எப்படிப்பா கிடைச்சுது?"

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய புதுக் கண் பளிச்சென்று திறந்திருந்தது.

"பார்த்ததத்தாம்மா வரைஞ்சேன்" என்றார்.

"அதான்" என்றாள் அரசி. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலைக்காரர் நீளம் கேட்டார் என்று சொல்லி, படத்தின் மேல் விளிம்பில் கையை வைத்துச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தாள்.